பெருவிரலில் அழித்த பெயர்

மேடையில் நின்று பேச எனக்கு வராது. நாலு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தாலே முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொள்கிற ஆள் நான். எழுதித் தருகிறேன், நீங்களே படித்துவிடுங்கள் என்று ஷமீம் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், வேறு எதையும் மாற்ற வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

போன மாதம் டீச்சர் போன் செய்தார்கள். இப்போது அவர்கள் கீழே வேறொரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர்.

"ஆயா, பிள்ளைங்க பாதுகாப்பைப் பத்தி இந்தத் தடவை சத்துணவு ஆளுங்களுக்கும் கூட்டம் போடறோம். எப்பவும் டீச்சர்களை மட்டும்தான் கூப்பிடுவாங்க. சமைக்கறவங்க, கூட்டறவங்களை யாரும் கூப்பிடறதில்லே. நீங்க வந்து சொல்லணும்."

"நான் என்னத்தைங்க சொல்றது?"

"செல்வி விசயத்தை."

போனில் அவர்கள் காத்திருந்தார்கள். காத்திருப்பதில் அந்த அம்மாவை யாரும் ஜெயிக்க முடியாது.

செல்வி என்பது அந்தப் பிள்ளையின் உண்மையான பெயர் இல்லை. பெயரையும் ஊரையும் சொல்லக்கூடாது என்பதும் டீச்சர் சொல்லிக்கொடுத்ததுதான். கொல்லிமலையில் ஒரு சின்ன ஊர், ஐந்தாவது வரை உள்ள ஒரு பள்ளிக்கூடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் மிளகு பறிக்க ஏறின மரத்திலிருந்து விழுந்து செத்தபோது என் மகனுக்கு நாலு வயது. புருசன் இல்லாதவள் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா வேலை கொடுத்தார்கள். முதல் ஆறு மாதம் சோறு குழையும், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். பிறகு கை பழகிவிட்டது. அடுப்பு மூட்டுவது, அரிசி களைவது, முட்டை அவித்து உரிப்பது, பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது, வகுப்பைக் கூட்டுவது என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் போனது. அந்தக் கதையில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

ஷமீம் டீச்சர் வந்தது என் வேலையின் கடைசி வருடங்களில். அடிவாரத்துக்காரர்கள். அப்பா துணிக்கடை வைத்திருந்தவர். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வளைவெல்லாம் ஏறி வருவார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்குவார்கள். நடுவில் மலைமேலேயே, செம்மேட்டில் ஒரு அறையில் தங்கியிருந்தார்கள். "மலைக் குளிரைத் தாங்குமா இந்தத் துணிக்கடை அம்மணி?" என்று ஊரில் சிரித்தார்கள். அந்த அம்மணி ஒரு நாள் லீவு போடவில்லை.

பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் டீச்சர் சோற்றை ருசி பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. முன்னால் இருந்தவர்கள் நோட்டில் கையெழுத்து மட்டும் போடுவார்கள். இவர்கள் சமையல்கூடத்துக்கே வந்து, கை கழுவி, பாத்திரத்தின் மேலிருந்து ஒரு கரண்டி, அடியிலிருந்து ஒரு கரண்டி வாங்கி நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். சாம்பாரில் உப்புக் குறைந்தால், "இன்னைக்கு உப்புக்கு லீவுங்களா ஆயா?" என்பார்கள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. அடுத்த நாள் நான் இரண்டு தடவை பார்த்துப் போடுவேன்.

பிள்ளைகளோடு பேசும்போது நாற்காலியில் உட்கார மாட்டார்கள். தரையில் குந்தி, பிள்ளையின் முகத்துக்குக் கொஞ்சம் கீழே தன் முகம் இருக்கும்படி வைத்துக்கொள்வார்கள். முட்டி வலிக்காதா என்று ஒரு தடவை கேட்டேன். "மேல இருந்து கேட்டா பதில்தான் வரும் ஆயா. விசயம் வராது" என்றார்கள்.

அப்புறம் நோய் வந்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பதினைந்து நாள் என்றார்கள், ஒரு மாதம் என்றார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் போய்விட்டது.

டீச்சர் கீழே மாட்டிக்கொண்டார்கள். பாடம் போனில் வரும், டிவியில் வரும் என்று சொன்னார்கள். எங்கள் ஊரில் பெரிய போன் வைத்திருந்தவர்கள் மூன்று பேர். சிக்னல் கிடைக்கிற வீடு ஒன்றுதான். அந்த வீடு மேட்டில் இருந்தது. அங்கே டிவியும் இருந்தது. டீச்சர் எனக்குப் போன் செய்து, "டிவி இருக்கிற வீட்டுல போய்ப் பார்க்கச் சொல்லுங்க ஆயா, பிள்ளைங்க எழுத்தை மறந்துடக் கூடாது" என்றார்கள். நான் வீடு வீடாகப் போனேன். செல்வியின் அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். "எதுக்குக் காட்டுல வெய்யில்ல அலையவிடறே? மேட்டு ஊட்டுக்கு அனுப்பு கண்ணு. உங்க சொந்தந்தானே, அவங்க அத்தை ஊடுதானே."

ஆமாம், அது செல்வியின் அத்தை வீடு. அத்தையின் வீட்டுக்காரர் அவளுக்கு மாமா. அவளுக்கு மட்டும் இல்லை, பாதி ஊருக்கு அவர் மாமாதான். ஜீப் வைத்திருந்தார். நோய் சமயத்தில் பஸ் நின்றுபோனபோது பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்த ஜீப்தான். என் மகன் அதில் டிரைவராக இருந்தான். நல்ல மனுசன் என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மலையில் மாமன் முறை உள்ளவர்கள் பெண்பிள்ளைகளைக் கேலி செய்வது பழக்கம். ஜடையைப் பிடித்து இழுப்பார்கள், "என்னைக் கட்டிக்கிறியா?" என்பார்கள், கன்னத்தைக் கிள்ளுவார்கள். பிள்ளை முகம் சுளித்தால் சுற்றி இருக்கிற பெண்கள் எல்லாரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பில் நானும் இருந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடம் மூடியிருந்தாலும் பிள்ளைகளுக்கு உண்டான அரிசியையும் பருப்பையும் முட்டையையும் வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மூட்டைகளை அந்த ஜீப்தான் கொண்டுவந்தது. பலாப்பழம் ஓய்கிற சமயம். அன்று காலையிலிருந்தே தூறல். வராண்டாவில் உட்கார்ந்து நான் அளந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பதிலாகச் செல்வி பையோடு வந்தாள். நோட்டில் கையெழுத்துப் போட்டாள். பையை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"என்ன கண்ணு?"

பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள். "ஆயா, நான் பாடம் பார்க்க மேட்டு ஊட்டுக்குப் போகமாட்டேன்னு எங்கம்மாகிட்டச் சொல்றீங்களா?"

"ஏன்?"

"மாமா சும்மா இருக்க மாட்டேங்கறாரு. அத்தை காட்டுக்குப் போனதும் பக்கத்துல வந்து உக்காந்துக்கறாரு. எனக்குப் பிடிக்கலே ஆயா."

ஜீப் வாசலில் நின்றது. அவர் மூட்டையை இறக்கிவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன்.

"மாமன்னா வெளையாடத்தான் செய்வாங்க சாமி. இதையெல்லாம் வெளிய சொல்லக் கூடாது. போ, மழை வாரதுக்குள்ள ஊடு போய்ச் சேரு."

எனக்கு அந்த வயதில் என் அம்மா சொன்ன அதே வார்த்தைதான் என் வாயிலிருந்து வந்தது. செல்வி பையைத் தலையில் வைத்துக்கொண்டு தூறலில் நடந்தாள். நான் அடுத்த பிள்ளையின் பையை வாங்கி விரித்துப் பிடித்தேன்.

மறுபடி பள்ளிக்கூடம் திறந்தபோது ஒரு வாரம் முன்னாலேயே நாங்கள் போனோம். சமையல்கூடத்தில் அணில் கூடு கட்டியிருந்தது. பெரிய அண்டாவின் அடியில் பச்சையாகப் பூத்திருந்தது. டீச்சரும் நானும் சுண்ணாம்புத்தூளால் வராண்டாவில் வட்டம் போட்டோம், ஒரு வட்டத்துக்கு ஒரு பிள்ளை. வாசலில் சோப்பு, வாளி, நெற்றியில் பிடிக்கிற சூடு பார்க்கும் கருவி. முதல் நாள் பிள்ளைகள் வந்தபோது எனக்குப் பாதிப் பேரை அடையாளம் தெரியவில்லை. எல்லாம் உயர்ந்துவிட்டார்கள். கையெல்லாம் மரவள்ளிக் காட்டில் வேலை செய்து காய்த்துப்போயிருந்தது. ஒரு பையன் தன் பெயரில் முதல் எழுத்தை மட்டும் எழுதிவிட்டு மேலே எழுதத் தெரியாமல் அழுதான்.

செல்வி மூன்றாவதில் போனவள் ஐந்தாவதில் வந்து உட்கார்ந்தாள். சோறு போடும்போது முன்பெல்லாம், "ஆயா, எனக்கு அடிச்சோறு" என்று கேட்கிறவள். இப்போது தட்டை நீட்டினாள், நான் போட்டதை வாங்கினாள், என் முகத்தைப் பார்க்காமல் போனாள். பெரிய பிள்ளையாகிவிட்டாள், வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

டீச்சர் கவனித்துவிட்டார்கள். "செல்வி முட்டையை வாங்கிப் பைக்குள்ள வைக்கிறா, சாப்பிடறதில்லே. பார்த்தீங்களா ஆயா?"

"தம்பிக்கு எடுத்துட்டுப் போவாளுங்க."

"இருக்கும்" என்றார்கள். ஆனால் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்கள்.

பாடம் தொடங்குவதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு உடம்புப் பாதுகாப்பைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து படம் வந்திருந்தது. அந்தப் படத்தில் ஒரு மீசைக்காரன் மிட்டாயை நீட்டுகிறான், ஒரு பிள்ளை ஓடுகிறது. முன்பின் தெரியாத வெளியாள் வந்தால் கிட்டே போகாதே என்று எழுதியிருந்தது. டீச்சர் அதைச் சுவரில் மாட்டிவிட்டுக் கேட்டார்கள். "நம்ம ஊர்ல வெளியாள் யாரு?"

பிள்ளைகள் யோசித்தார்கள். எங்கள் ஊரில் யார் வெளியாள்? எல்லாரும் மாமன், சித்தப்பன், அண்ணன். கடைசியில் ஒரு குட்டிப் பையன் எழுந்து, "நீங்கதானுங்க டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் அந்தப் படத்தைக் கழற்றிச் சுருட்டி மேசைக்கடியில் வைத்துவிட்டார்கள். "இது நம்ம ஊருக்கு ஆகாது" என்றார்கள். பிறகு தரையில் குந்திக்கொண்டு அவர்களாகவே பேசினார்கள். "உங்க உடம்பு உங்களுது. யாராச்சும் தொட்டு உங்களுக்குப் பிடிக்கலேன்னா, அது மாமாவா இருந்தாலும் சரி, தாத்தாவா இருந்தாலும் சரி, டீச்சரா இருந்தாலும் சரி, வேண்டாம்னு சொல்லலாம். அது மரியாதைக் குறைச்சல் இல்லே. யாருக்கும் சொல்லாதேன்னு ஒருத்தர் சொன்னா, அதைத்தான் முதல்ல சொல்லணும். சொல்லலேன்னாலும் தப்பு உங்க மேல இல்லே."

நான் சுண்டல் வாளியோடு கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாளி அன்று கனத்த மாதிரி என்றைக்கும் கனத்ததில்லை.

"சரி, அப்படி ஏதாச்சும் ஆனா யார்கிட்டச் சொல்வீங்க?"

நாலைந்து பிள்ளைகள் என்னைப் பார்த்துவிட்டு, "ஆயாகிட்ட!" என்று கத்தினார்கள். செல்வியும் திரும்பி என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் திறந்த பிறகு அவள் என்னைப் பார்த்தது அப்போதுதான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபமாக இருந்திருக்கலாம்.

டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். இடது கையைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட வேண்டும். ஒவ்வொரு விரலிலும், நம்பிச் சொல்லக்கூடிய ஒருவரின் பெயரை எழுத வேண்டும். ஐந்து விரலும் நிரம்பாவிட்டால் பரவாயில்லை. பிள்ளைகள் நாக்கைத் துருத்திக்கொண்டு கோடு போட்டார்கள். அம்மா, அப்புச்சி, அக்கா, டீச்சர் என்று எழுதினார்கள். ஒருவன் தன் நாயின் பெயரை எழுதினான்.

சாயங்காலம் வகுப்பைக் கூட்டும்போது தாள்கள் மேசைமேல் இருந்தன. காற்றில் பறக்காமல் இருக்க அடுக்கி வைத்தேன். செல்வியின் தாளில் நாலு விரல் காலி. பெருவிரலில் ஏதோ எழுதி, எச்சில் தொட்டு அழித்திருந்தாள். தாள் அந்த இடத்தில் நைந்திருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். 'ஆயா' என்று தெரிந்தது.

துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு அந்தத் தாளை டீச்சரிடம் கொண்டுபோனேன். அதை மறைக்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

டீச்சர் நெடுநேரம் பார்த்தார்கள். "எழுதிட்டு அழிச்சிருக்கா. ஏன் ஆயா?"

"தெரியலீங்க."

இருபத்தைந்து வருடத்தில் நான் பள்ளிக்கூடத்தில் சொன்ன பெரிய பொய் அது. எனக்கு நன்றாகத் தெரியும். வாய் திறக்கவில்லை. வெட்கமா, பயமா, மகனின் வேலையா என்று கேட்டால் எல்லாம்தான்.

மறுநாள் டீச்சர் செல்வியைத் தனியாக, ஆனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நெல்லி மரத்துப் பக்கம் உள்ள அறையில் உட்கார வைத்தார்கள். என்னைச் சமையல்கூடத்தில் இருக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் இருவரும் தாளில் ஏதோ வரைந்தார்கள். பிறகு செல்வி பேசினாள். எனக்குக் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. டீச்சர் நடுவில் "அப்புறம்?" என்று கேட்கவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை, தொட்டு அணைக்கவும் இல்லை. கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார்கள். அது எனக்குக் கேட்டது. "நீ சொன்னதை நான் நம்பறேன் கண்ணு."

அந்த வார்த்தைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அன்று அரிசி அளக்கிற இடத்தில் அதைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது.

பிள்ளையை வகுப்புக்கு அனுப்பிவிட்டு டீச்சர் அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதினார்கள். நல்ல வார்த்தை போட்டு மாற்றவில்லை. குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் செய்தார்கள். "இதை விசாரிக்கறது நம்ம வேலை இல்லே ஆயா. சொல்லறதுதான் நம்ம வேலை. திருப்பித் திருப்பிக் கேட்டா பிள்ளை திருப்பித் திருப்பி அனுபவிக்கும்" என்றார்கள். செல்வியின் அம்மாவை வரவழைத்துச் சொன்னார்கள். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாளைக் காலையில் கீழிருந்து அதிகாரிகள் வருவார்கள், அதுவரை பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அதற்குள் விசயம் எப்படியோ கசிந்து, சாயங்காலமே ஊர் கூடிவிட்டது. கோயில் வாசலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். "இது ஊர் பேசித் தீர்க்கற விசயம் இல்லீங்க, சட்டப்படி நடக்கும்" என்று டீச்சர் வந்து சொன்னார்கள். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர், "நீங்க கீழ இருந்து வாரவங்க அம்மணி. எங்க சனத்தைப் பத்தி எங்களுக்குத் தெரியும். செத்த நேரம் சும்மா உக்காருங்க" என்றார். டீச்சர் போகவில்லை. செல்வியின் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள்.

செல்வியின் அத்தை எழுந்து கத்தினாள். "பள்ளிக்கூடத்துல கண்ட கருமத்தையும் சொல்லிக்கொடுத்து இல்லாததைப் பிள்ளை மண்டையில ஏத்திட்டாங்க! பாடம் நடத்தினது நேத்து, புள்ளை சொல்றது இன்னைக்கு. அப்படி ஒண்ணு நடந்திருந்தா அதுக்கு முந்தி ஏன் சொல்லலே? யார்கிட்டயாச்சும் சொல்லுச்சா? சொல்லச் சொல்லுங்க பார்க்கலாம்!"

"அதானே" என்றது கூட்டம். "அதானே" என்று பெண்கள் பக்கமும் கேட்டது.

ஊர்க்கவுண்டர் செல்வியின் அம்மாவைப் பார்த்தார். "நாளைக்கு அதிகாரி வந்தா, புள்ளை வெளையாட்டுக்குச் சொல்லிடுச்சுன்னு சொல்லிப்போடு. அதோட முடிஞ்சுது. சொந்தம் அத்துப்போகக் கூடாது பாரு."

அவள் டீச்சரைப் பார்த்தாள், ஊரைப் பார்த்தாள். தலையை ஆட்டப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் ஆட்டினால் அந்தப் பிள்ளை பொய்க்காரி. மறுபடி அதே மேட்டு வீட்டுக்கு மேலும் கீழும் நடக்க வேண்டும். அதற்கு முந்தி யாரிடமாவது சொன்னாளா என்ற கேள்விக்குப் பதில் ஊரிலேயே ஒருத்தியிடம்தான் இருந்தது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்தது எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள், "எங்கே போறே?" என்றாள்.

"சொல்லுச்சுங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. முந்தானையை எடுத்துவிட்டு மறுபடி சொன்னேன். "முந்தியே சொல்லுச்சுங்க. எங்கிட்டச் சொல்லுச்சு."

எல்லாரும் திரும்பினார்கள். அத்தனை கண்.

"எப்போ?" என்றார் கவுண்டர்.

"அரிசி போட்டமே, மழையில, பழம் ஓயற சமயம். பாடம் நடத்தறதுக்கு ரொம்ப முந்தி. மேட்டு ஊட்டுக்குப் போகமாட்டேன், மாமா சும்மா இருக்க மாட்டேங்கறாருன்னு சொல்லுச்சு."

"நீ என்ன சொன்னே?"

இந்தக் கேள்விதான். இதற்குப் பயந்துதான் அத்தனை நாளும் வாயை மூடியிருந்தேன்.

"சிரிச்சேனுங்க. மாமன்னா வெளையாடத்தான் செய்வாங்க, வெளிய சொல்லாதேன்னு சொல்லி அனுப்பிச்சிட்டேன்."

அந்த ஆள் அதுவரை சாவியைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து சிரித்த முகமாகவே கேட்டார். "ஏனுங்கக்கா, மழையில மூட்டை எறக்கிக் கொடுத்தவன் நானு. உங்க பையனுக்குச் சோறு போடறவன் நானு. மறந்துட்டீங்களா?"

"மறக்கலீங்க" என்றேன். "மறக்காததாலதான் அன்னைக்குச் சிரிச்சேன்."

கூட்டம் சத்தம் போட்டது. என்னைத் திட்டினார்கள், கிழவிக்குக் கிறுக்கு என்றார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் செல்வியின் அம்மா எழுந்தாள். யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். கோயிலுக்கு அடுத்த வீடுதான் அவர்களுடையது. உள்ளே போய்க் கதவைத் தாழ் போடுகிற சத்தம் கேட்டது. மறுநாள் அதிகாரிகள் வந்தபோது அந்தக் கதவு அவர்களுக்கு மட்டும் திறந்தது. வந்த போலீஸ் அம்மா சாதாரணச் சேலையில் வந்தார்கள்.

ஊர் கூடின அன்று ராத்திரி டீச்சர் என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். பஸ் நிற்கிற இடம் வரை கூடவே நடந்தேன். "அரிசி வாங்கின நோட்டுல செல்வி கையெழுத்துப் போட்டாளா ஆயா?" என்று மட்டும் கேட்டார்கள். போட்டாள் என்றேன். "அப்போ தேதி இருக்கும். நாளைக்கு எடுத்து வைங்க." அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

பஸ் வெளிச்சம் வளைவில் தெரிந்தபோது சொன்னார்கள். "ஒன்றரை வருசம் போன்ல, பாடம் பார்த்தாங்களா பார்த்தாங்களான்னு கேட்டேன் ஆயா. எங்க உக்காந்து பார்க்கறாங்கன்னு ஒரு நாள் கேக்கலே." கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஏறிவிட்டார்கள்.

வழக்கு நடந்தது. நாமக்கல் கோர்ட்டில் நானும் சாட்சி சொன்னேன். ஏன் அப்போதே யாரிடமும் சொல்லவில்லை என்று எதிர்ப்பக்கத்து வக்கீல் கேட்டார். "தப்புங்க" என்றேன். அந்த ஆளுக்குத் தண்டனை கிடைத்தது. என் மகனுக்கு வேலை போனது. ஒரு வருடம் அவன் என்னோடு பேசவில்லை. ஊரில் விசேசங்களுக்கு எங்கள் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். இதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை ஊரை விட்டுப் போனதுதான். ஐந்தாவது முடிந்ததும் அடிவாரத்தில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்தார்கள். தப்புச் செய்தவன் பிறந்த ஊரில் அவன் சொந்தமெல்லாம் இருக்கிறது. சொன்னவள்தான் பெட்டியைத் தூக்கினாள். சான்றிதழ் வாங்க வந்த அன்று சத்துணவு சாப்பிட்டாள், தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தாள். டீச்சரிடம் போய்ட்டு வாரேன் என்றாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சமையல்கூடத்துக் கதவில் நின்று, அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்துக்கு வந்திருக்கிற சத்துணவு அம்மாக்களுக்கு இதைத்தான் சொல்லச் சொன்னார்கள் டீச்சர். பிள்ளைகள் டீச்சரிடம் சொல்வதற்கு முன்னால் நம்மிடம்தான் சொல்வார்கள். நாம் கையில் கரண்டியோ துடைப்பமோ வைத்துக்கொண்டு எப்போதும் வேலையாக இருப்பதால் நம்மைப் பார்த்துப் பயமில்லை. அப்படி ஒரு பிள்ளை வந்து நின்றால் கரண்டியைக் கீழே வையுங்கள். சோறு அடிப்பிடித்தால் பிடிக்கட்டும். சிரிக்காதீர்கள்.

போன தை மாதம் செம்மேட்டுச் சந்தைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் முள்ளுக்குறிச்சி வழியாகப் போகிற பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பெண் பையோடு நின்றாள். என்னைவிட உயரம். பொங்கல் லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்புகிறாள் போல. நான் கூட்டத்தில் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவள்தான் கூப்பிட்டாள்.

"ஆயா, நல்லாருக்கீங்களா?"

"இருக்கறேன் சாமி. நீ?"

"படிக்கறேனுங்க. ஒம்பதாவது."

எத்தனையோ நாள் யோசித்து வைத்திருந்தேன். "கண்ணு, அன்னைக்கு நானு..." என்று ஆரம்பித்தேன். முந்தானை கைக்கு வந்துவிட்டது.

பஸ்ஸில் ஆள் ஏறினார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கோயில்ல நீங்க பேசினது எங்க ஊட்டு ஜன்னல்ல கேட்டுச்சுங்க ஆயா" என்றாள். "அரிசி போட்ட அன்னைக்கு நீங்க சொன்னதும் ஞாபகம் இருக்குதுங்க. ரெண்டும் ஞாபகம் இருக்குது."

குரலில் ஒன்றும் இல்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பஸ் திரும்பும் வரை நான் அங்கேயே நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். சிரிக்க வந்ததை அடக்கிக்கொண்டேன்.